பிறக்காத ஆதர்ஷ் குமாருக்குக் கிடைத்த உதவித்தொகை

போன மாதம் பழைய அலுவலகத்திலிருந்து ராகேஷ் போன் செய்தான். நான் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு கிளம்பியபோது என் நாற்காலியையும் அதன் ஆடும் காலையும் சேர்த்துப் பெற்றுக்கொண்டவன். கல்லூரி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் மாணவர்கள் இனிமேல் கைப்பேசியின் முன்னால் முகத்தைக் காட்ட வேண்டுமாம். கண்ணைச் சிமிட்டச் சொன்னால் சிமிட்ட வேண்டும், தலையை ஆட்டச் சொன்னால் ஆட்ட வேண்டும். அப்போதுதான் விண்ணப்பம் நகருமாம். இதையெல்லாம் இந்தியில் விளக்கிவிட்டு, "நாயக் சார், ஆதர்ஷ் குமார் இப்போ வந்தா கண்ணைச் சிமிட்டுவானா?" என்று கேட்டான். பின்னால் பத்துப் பேர் சிரித்தார்கள். ஸ்பீக்கரில் போட்டிருக்கிறான், படவா.

அந்தக் கதையை ஆளாளுக்கு ஒரு விதமாகச் சொல்லி, இப்போது அதில் நான் கைதாகிறேன் என்று கேள்வி. அதனால் நானே எழுதிவிடுவது நல்லது.

என் முழுப்பெயர் கோமதிநாயகம். டெல்லி அதை முழுதாக ஒருநாளும் உச்சரித்ததில்லை. சேர்ந்த முதல் வாரமே முன்பாதியைக் கழற்றிவிட்டு நாயக் ஜி ஆக்கிவிட்டார்கள். ஒடிசாக்காரன் என்று நினைத்து ஒருவர் மூன்று வருடம் என்னிடம் பூரி ஜகந்நாதர் பிரசாதம் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்கும்போதெல்லாம் கோவில்பட்டிக் கடலைமிட்டாய் கொடுத்தேன். பக்தியோடு கண்ணில் ஒற்றிக்கொண்டு தின்றார்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ரயிலேறும்போது வயது இருபத்திரண்டு. முதல் ஐந்து வருடம் கடிதங்களுக்கு நம்பர் போட்டேன். அடுத்த ஐந்து வருடம் நம்பர் போடுகிறவர்கள் ஒழுங்காகப் போடுகிறார்களா என்று பார்த்தேன். ஜனவரிக் குளிரில் ஹீட்டருக்குப் பக்கத்து நாற்காலியைப் பிடிப்பது எப்படி என்பதுதான் நான் உருப்படியாகக் கற்ற வித்தை. இந்தியைப் பஸ் கண்டக்டர்களிடம் கற்றேன். அதனால் நான் மரியாதையாகப் பேசினாலும் எதிரே இருப்பவருக்கு உடனே இறங்கிவிட வேண்டும் போலிருக்குமாம்.

பிறகு வந்து சேர்ந்த இடம்தான் ஆர்.கே.புரத்தில் இருந்த உதவித்தொகைப் பிரிவு. எந்தத் துறை, எந்தத் திட்டம் என்று கேட்காதீர்கள், பென்ஷன் வாங்குகிறேன். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள் பட்டப்படிப்பில் சேரும்போது கட்டணத்துக்குக் கைகொடுக்கும் திட்டம் என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாணவர் போர்ட்டலில் விண்ணப்பிப்பார். முதலில் கல்லூரியில் ஒருவர் சரிபார்ப்பார். அடுத்து மாவட்ட அலுவலகத்தில் ஒருவர். மூன்றாவதாக எங்கள் பிரிவில் ஒருவர். ஆக மூன்று ஜோடிக் கண்கள். இதில் முதல் ஆள், மேலே இன்னும் இரண்டு பேர் பார்க்கத்தானே போகிறார்கள் என்று நிம்மதியாக இருப்பார். மூன்றாவது ஆள், கீழே இரண்டு பேர் பார்த்துவிட்டார்களே என்று நிம்மதியாக இருப்பார். நடுவில் இருப்பவருக்கு இரண்டு நிம்மதியும் உண்டு.

திரையில் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் இடது ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். பார்த்துவிட்டு அதில் டிக் போட வேண்டும். எல்லாக் கட்டங்களுக்கும் மேலே தனியாக ஒரு கட்டம் உண்டு. அதை ஒரு தட்டுத் தட்டினால் அந்தப் பக்கத்தில் இருக்கும் ஐம்பது விண்ணப்பத்துக்கும் மளமளவென்று டிக் விழும். மனசாட்சி உள்ளவர்கள் அதைத் தொட மாட்டார்கள். ஆவணத்தைத் திறப்பார்கள், அடியில் ஓர் அதிகாரியின் கையெழுத்தும் வட்டச் சீலும் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், இருந்தால் மூடிவிடுவார்கள். சீலுக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பது அடுத்தவர் வேலை.

எல்லாவற்றையும் படிக்கிற ஒரே பிறவி எங்கள் அண்டர் செக்ரட்டரி வைஜயந்தி மேடம். குடும்பம் கும்பகோணம்; அவர் பிறந்து வளர்ந்தது கோல் மார்க்கெட் அரசுக் குவார்ட்டர்ஸில். தமிழ் பேசுவார், ஆனால் படிக்க வராது. அந்தத் தைரியத்தில்தான் இவ்வளவும் எழுதிக்கொண்டிருக்கிறேன். எந்த ஃபைலையும் அவர் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பார். வேண்டாத விஷயத்தைக் கடைசியில்தானே ஒளித்து வைப்பார்கள் என்பது அவர் கட்சி. தப்பு கண்ணில் பட்டால் கத்த மாட்டார். பென்சிலை எடுத்து ஒரு எவர்சில்வர் தம்ளருக்குள் நிதானமாகச் சீவுவார். பிறகு ஓரத்தில் 'பேசவும்' என்று ஒரு சொல் எழுதி அனுப்புவார். நாம் போய்ப் பேச வேண்டும். பதில் சரியாக இருந்தால் அவரே ரப்பரால் அதை அழித்துவிட்டு, தூசியை ஊதித் தள்ளுவார். சரியாக இல்லையென்றால் அதே சொல்லைப் பேனாவால் எழுதுவார். பென்சில் என்றால் நமக்குள். பேனா என்றால் ரிக்கார்டு. 

இப்படிப்பட்டவரைப் பற்றித்தான் நான் பக்கத்து நாற்காலிப் பட்நாகரிடம் பந்தயம் கட்டினேன். மேடம் எதை வேண்டுமானாலும் படிக்கலாம், லீவ் லெட்டரை மட்டும் எந்த அதிகாரியும் படிப்பதில்லை என்றேன். பட்நாகர் ஒரு பிளேட் சோலே பட்டூரே என்றார். உடனே ஆங்கிலத்தில் ஒரு விண்ணப்பம் எழுதினேன்: 'அலுவலகம் அலுத்துவிட்டபடியால் வெள்ளிக்கிழமை ஒரு நாள் விடுப்பு வேண்டுகிறேன். அன்று செய்வதற்கு வேலை எதுவும் இல்லை. மற்ற நாட்களிலும் அப்படித்தான்.' முப்பது கடிதங்களுக்கு நடுவில் செருகி அனுப்பினேன். மாலையில் மேடத்தின் கையெழுத்தோடும் வட்டச் சீலோடும் அனுமதியாகித் திரும்பி வந்தது. சோலே பட்டூரே சாப்பிட்டேன். வெற்றிச் சின்னமாக அதை ஸ்கேன் செய்து கணினியில் வைத்துக்கொண்டேன்.

அதுதான் வினை.

அடுத்த மாதமே போர்ட்டலைப் புதிதாக மாற்றினார்கள். ஒப்பந்தக் கம்பெனியிலிருந்து பங்கஜ் என்ற இளைஞர் வந்து எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார். ஆளுக்கு ஒரு பொய் மாணவனை உருவாக்கிப் பழகச் சொன்னார். பயிற்சிக்கான தனிப் பக்கம் அன்றைக்குத் தொங்கிவிட்டது. அதனால் நிஜப் போர்ட்டலிலேயே போடுங்கள், பிறகு டிலீட் செய்துகொள்ளலாம் என்றார். மற்றவர்கள் எல்லாம் 'அஅஅ' என்று பெயரும் பூஜ்யம் மதிப்பெண்ணும் போட்டார்கள். எனக்கு மட்டும் கலையுணர்ச்சி பொங்கிவிட்டது. ஆதர்ஷ் குமார் என்று பெயர் வைத்தேன். பிளஸ் டூவில் தொண்ணூற்றொன்பது புள்ளி நாலு சதவீதம் கொடுத்தேன்; நூறு கொடுத்தால் நம்ப மாட்டார்கள் என்று புள்ளி ஆறு குறைத்தேன். குடும்ப வருமானத்தை வரம்புக்கு ஒரு ரூபாய் கீழே நிறுத்தினேன். கல்லூரிப் பட்டியலில் முதலில் இருந்ததைத் தேர்ந்தெடுத்தேன். தொடர்பு எண்ணாக என் மனைவி செல்வியின் எண். புகைப்படத்துக்கு, நான் வேலையில் சேர்ந்தபோது எடுத்த படம்: அடர்ந்த முடி, கம்பளிப்பூச்சி போல மீசை. மதிப்பெண் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று என்று ஒவ்வொரு இடத்திலும் எதையாவது ஏற்றச் சொன்னது. என் கணினியில் இருந்த ஒரே ஸ்கேன் எது? எல்லா இடத்திலும் அந்த லீவ் லெட்டரையே ஏற்றினேன். பங்கஜ் தோளில் தட்டி, ரொம்ப நன்றாகச் செய்திருக்கிறீர்கள் சார் என்றார். எல்லோரும் டீ குடிக்கப் போனோம்.

மூன்று மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை இட்லியில் கை வைத்திருந்தபோது செல்வி கைப்பேசியோடு வந்து நின்றாள்.

"ஏங்க, யாரு அது ஆதர்ஷு?"

நான் மென்றுகொண்டிருந்தேன்.

"அன்புள்ள ஆதர்ஷ், வாழ்த்துகள், தகுதிப் பட்டியல்ல நீங்க முதலிடம்னு மெசேஜ் வந்திருக்கு. என் நம்பருக்கு எதுக்கு வருது? என்ன முழிக்கிய? எனக்குத் தெரியாம எங்கயும் ஒரு பிள்ளைய வளக்கியளா?"

அந்த நிமிடத்தில், ஆமாம் செல்வி, எனக்கு ரகசியமாக ஒரு மகன் இருக்கிறான் என்று ஒப்புக்கொண்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அதற்குச் சிறைத் தண்டனை கிடையாது.

அலுவலகம் போய்ப் பட்டியலைத் திறந்தால் டெல்லிக்கான முதல் பெயர் ஆதர்ஷ் குமார். லீவ் லெட்டர் கல்லூரியில் பாஸ், மாவட்டத்தில் பாஸ், எங்கள் பிரிவிலும் பாஸ். அடியில்தான் மத்திய அரசு அண்டர் செக்ரட்டரியின் கையெழுத்தும் சீலும் இருக்கிறதே. 'அஅஅ'க்கள் எல்லாம் முதல் சுற்றிலேயே உதிர்ந்துவிட்டார்கள். என் பிள்ளை மட்டும் படிப்பில் கெட்டி.

பங்கஜைப் பிடித்தேன். டிலீட் பட்டன் எங்கே என்று கேட்டேன். அது அடுத்த வெர்ஷனில் வரும் என்றார். அடுத்த வெர்ஷன் எப்போது? அதற்கு இன்னும் டெண்டர் விடவில்லை. இதற்கிடையில் வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குப் பட்டியல் பூட்டப்படும் என்ற தகவலையும் சும்மா சொல்லிவிட்டுப் போனார். அதற்குள் யாராவது விலகினால் காத்திருப்போர் பட்டியலின் முதல் பெயர் உள்ளே வரும். பூட்டிய பிறகு காலி இடம் காலிதான். அந்த வருடத்தோடு செத்தது.

அப்போதுகூட நான் பயந்தது என் வேலைக்காகத்தான். அரசாங்கத்தை ஏமாற்றிப் பொய் மாணவன் பெயரில் உதவித்தொகை பெற முயன்ற ஊழியன் என்று செய்தித்தாள் போடும்; அந்த மீசைப் படத்தையும் போடும். திகார் சிறையில் இட்லி கிடைக்குமா என்று யோசித்தேன். மலைமந்திர் முருகன் கோயில் பக்கம் திரும்பி, முருகா, இந்த ஆதர்ஷை மட்டும் மறைத்துவிடு, முடி எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். மீசையையும் சேர்த்துக்கொண்டேன். பதற்றத்தில் பேரம் பேசத் தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை என் ஜன்னலுக்கு ஒரு பெண் வந்தாள். பெயர் மீனா. அவள் அம்மா எங்கள் செக்டர் குவார்ட்டர்ஸில் நாலு வீடுகளில் வேலை செய்பவர், விருத்தாசலம் பக்கத்துக்காரர். மீனா பிறந்ததே டெல்லி. பி.எஸ்ஸி. கணக்கில் இடம் கிடைத்திருந்தது. காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர் அவளுடையது.

"அங்கிள், யாராச்சும் விலகினா எனக்குத்தானே?"

ஆமாம் என்றேன்.

"சனிக்கிழமை காலேஜ்ல லிஸ்ட் காட்டணும். பேர் இருந்தா ஃபீஸுக்கு டைம் தருவாங்க. இல்லன்னா சீட்டு போச்சு. அம்மா வசந்த் விஹார்ல ஒரு வீட்டுல குழந்தை பாத்துக்குற வேலைக்கு என்னைச் சொல்லி வச்சிருக்கு. அதுவும் சனிக்கிழமைதான் வரச் சொல்லிருக்காங்க."

யாராவது விலகக்கூடும் என்று ஏதோ முணுமுணுத்தேன். அவள் போகவில்லை.

"ஒண்ணு சொல்லுங்க அங்கிள். இந்த ஆதர்ஷ் குமார் யாரு? எங்க வாட்ஸாப் குரூப்புல எல்லாரும் தேடுறோம். தொண்ணூத்தொம்பது புள்ளி நாலு வாங்கினவன் எந்த டியூஷன் போஸ்டர்லயும் இல்ல. டெல்லில அது நடக்குமா?"

சட்டைக்குள் வேர்த்தது. நவம்பர் மாதம்.

அவள் சந்தேகம் நியாயமானது. ஆனால் புதன்கிழமை அதற்கும் வழி பிறந்தது. பஸ் நிறுத்தத்தில் ஒரு பயிற்சி மையத்தின் போஸ்டர்: 'எங்கள் மாணவர் ஆதர்ஷ் குமார், முதலிடம்.' படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்பு நிழலுருவம். மீனா நேராக அந்த மையத்துக்கே போய்க் கேட்டிருக்கிறாள். வந்து சொன்னாள்: "ரொம்ப அடக்கமான பையனாம் அங்கிள். போட்டோ வேணாம்னுட்டானாம்."

நான் பெற்ற பிள்ளைக்கு அடுத்தவன் அப்பன் ஆகிவிட்டான். ஒரு கணம் கோபம்கூட வந்தது. அப்படியே விட்டுவிட்டால் என்ன என்ற எண்ணமும் கூடவே வந்தது. சான்று சொல்ல ஆள் இருக்கிறது. பணம், இல்லாத ஒரு வங்கிக் கணக்குக்குப் போய்த் திரும்பி வந்துவிடும். பட்டியல் பூட்டிவிட்டால் யாரும் தோண்டப் போவதில்லை. வியாழக்கிழமை முழுக்க இதையே நினைத்துக்கொண்டு, மீனா ஜன்னலுக்கு வந்த இரண்டு முறையும் மேஜைக்கு அடியில் பேனா தேடினேன். இரண்டாம் முறை அவள் ஜன்னல் வழியே குனிந்து, "கிடைச்சுதா அங்கிள்?" என்றாள். பேனா என் சட்டைப்பையில் இருந்தது. அதையும் அவளே சுட்டிக்காட்டினாள்.

வெள்ளிக்கிழமை காலை, மேடத்திடம் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துவிட்டேன். தீர்மானித்த பயத்தில் முருகனுக்கு முன்பணமாகவே கட்டிவிடுவது என்று செக்டர் மார்க்கெட் சலூனில் உட்கார்ந்தேன். தலையும் போயிற்று, மீசையும் போயிற்று. மலைமந்திர் படியேறிக் கும்பிட்டுவிட்டுப் பதினோரு மணிக்கு அலுவலகம் போனேன்.

முடியும் மீசையும் இல்லாமல் போகிறவனை டெல்லி எப்படிப் பார்க்கும் என்பதை நான் யோசிக்கவில்லை. அங்கே அது வீட்டில் சாவு விழுந்ததற்கு அடையாளம். வாசல் காவலர் எழுந்து கைகூப்பினார். லிப்டில் இருந்தவர்கள் வழிவிட்டார்கள். பட்நாகர் என்னைக் கட்டிப்பிடித்து முதுகைத் தடவிக்கொடுத்தார். கடவுள் சித்தம் நாயக் ஜி என்று தழுதழுத்தார். நேராக மேடத்தின் அறைக்குள் போனேன். அவர் எழுந்தே நின்றுவிட்டார்.

"அரே, நாயகம். எப்போ ஆச்சு? யாரு?"

"ஆதர்ஷ் குமார், மேடம்."

"அச்சா... உங்க ரிலேட்டிவா?"

"ஒரு விதத்துல, மேடம்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பந்தயத்தை மட்டும் விட்டுவிட்டேன். அவர் உட்கார்ந்தார். ஆதர்ஷின் விண்ணப்பத்தைத் திரையில் திறந்து, வழக்கம்போல் கடைசி ஆவணத்திலிருந்து ஆரம்பித்தார். லீவ் லெட்டர். அதற்கு முந்தைய ஆவணமும் லீவ் லெட்டர். அதற்கு முந்தையதும். ஒவ்வொன்றையும் தனித்தனியாக முழுவதும் படித்தார். கடைசியில் அடியிலிருந்த தன் கையெழுத்தின் மேல் விரலை வைத்தார்.

தம்ளரைப் பக்கத்தில் இழுத்தார். பென்சில் சீவ ஆரம்பித்தார். பாதிப் பென்சில் காணாமல் போகும்வரை சீவினார்.

"நாயகம். மூணாவது லெவல்ல வெரிஃபை பண்ணினது யாரு?"

அதைத் திரையே காட்டிக்கொண்டிருந்தது. எங்கள் பிரிவின் டிக் யாருடைய ஐடியிலிருந்து விழுந்தது என்று. அன்றைக்கு ஐம்பது விண்ணப்பங்களை மேல் கட்டத்தில் ஒரே தட்டுத் தட்டிவிட்டு, அதில் என் பிள்ளை இருப்பது தெரியாமலே டீக்குப் போன மகானுபாவன்.

"நான்தான், மேடம்."

"சொந்த போட்டோ. சொந்த லெட்டர். அப்பவும் பாக்கலை."

"கீழே ரெண்டு பேர் பாத்திருக்காங்களேன்னு..."

மேடம் தம்ளரைக் குப்பைத்தொட்டியில் கவிழ்த்தார். அவர் கத்தியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

அதன்பின் வழி தேடினோம். மாணவன் தானே விலகலாம். ஆனால் அதற்குக் கல்லூரி முதல்வரின் கடிதம் வேண்டும். முதல்வர், ஆதர்ஷை நேரில் வரச் சொல்வார். மாணவன் பதிலளிக்கவில்லை என்று நீக்கலாம். ஆனால் அதற்குப் பதினைந்து பதினைந்து நாள் இடைவெளியில் மூன்று நோட்டீஸ் அனுப்ப வேண்டும். மாணவன் இறந்துவிட்டான் என்றால் சான்றிதழ் வேண்டும். பிறந்ததற்கே சான்றிதழ் இல்லாதவன். ஜன்னல் பக்கம் பார்த்தேன். மீனா வராந்தா பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தாள். மணி இரண்டு.

மேடம் விதிமுறைப் புத்தகத்தைக் கடைசிப் பக்கத்தில் திறந்தார். கடைசிக்கு முந்தைய பத்தியில் நின்றார். விண்ணப்பத்தில் உள்ள படம் மாணவருடையது அல்ல என்று, படத்தில் இருப்பவரே சரிபார்ப்பு அதிகாரி முன் ஆஜராகி எழுதிக்கொடுத்தால், அன்றைக்கே நிராகரிக்கலாம். படித்துவிட்டு என்னைப் பார்த்தார். திரையில் இருந்த மீசைக்காரனைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"இன்னிக்குத்தான் ஷேவ் பண்ணணுமா?"

ஆள் அடையாளம் பொருந்தவில்லை. முருகன் என் வேண்டுதலை வாங்கிக்கொண்டு, சாட்சியத்தையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். உதவிக்குக் கூப்பிட்ட பட்நாகர், துக்கம் இல்லை என்று தெரிந்த மறுகணமே பழைய பட்நாகராகி, மேஜையிலிருந்த கறுப்பு மார்க்கரை எடுத்து என் மூக்குக்குக் கீழே ஒரு மீசை வரைந்து, தள்ளி நின்று ரசித்தார். இடது பக்கம் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது என்று திருத்த வந்தார். மேடம் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "பட்நாகர் ஜி, இவரோட சர்வீஸ் புக்" என்றார்.

சர்வீஸ் புக் என்பது எங்கள் ஜாதகம். சேர்ந்த நாள் முதல் எல்லாம் அதில் இருக்கும். முதல் பக்கத்தில் அதே படம், அரசாங்கச் சீலோடு. அடையாளம் உறுதியாயிற்று. மார்க்கர் மீசை மட்டும் போகவில்லை. அழியாத மை. விசாரணை முழுக்க அதோடுதான் உட்கார்ந்திருந்தேன்.

என் வாக்குமூலத்தை எழுதிக் கொடுத்தேன். ஃபைலில் வைக்க விண்ணப்பத்தை அச்செடுக்கப் போனபோது எனக்கு ஒரு நல்லெண்ணம் உதித்தது. படம் ஒன்றே போதுமே, லீவ் லெட்டர் பக்கங்களை விட்டுவிடலாமா என்று மெதுவாகக் கேட்டேன். ஃபைல் மேலே போகும். மேலே படிக்கிறவர்களும் சிலர் இருக்கிறார்கள்.

மேடம் பேனாவை எடுத்தார். பென்சில் அல்ல.

"விட்டா உங்க கதை மட்டும் இருக்கும், நாயகம். என் கதை எங்கே போகும்?"

எழுதினார். நிதானமாக, அடித்தல் திருத்தல் இல்லாமல். 'இணைக்கப்பட்ட ஆவணம் மதிப்பெண் சான்று அல்ல, விடுப்பு விண்ணப்பம். அதைப் படிக்காமல் அனுமதித்தவர் கீழே கையெழுத்திட்டுள்ளவர். அதில் இருந்த அவரது கையெழுத்தே மற்ற நிலைகளில் சான்றாகக் கொள்ளப்பட்டது.' கீழே கையெழுத்து, சீல். அந்த ஒரு பத்தியை எழுதாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. எனக்குச் சிரிப்பு வராத நிமிடங்கள் வாழ்க்கையில் குறைவு. அது அதில் ஒன்று. மார்க்கர் மீசையோடு.

ஐந்தரை மணிக்கு நிராகரிப்புப் பட்டனை மேடமே அழுத்தினார். உடனே என் கைப்பேசி அடித்தது. செல்வி.

"ஏங்க, அந்தப் பையனுக்கு இல்லைன்னுட்டாங்க. வருந்துகிறோம்னு மெசேஜ் வந்திருக்கு. பாவம்லா."

"பாவம்தான்" என்றேன். "ராத்திரி வந்து சொல்லுதேன்."

வராந்தாவுக்குப் போனேன். மொட்டைத் தலையையும் வரைந்த மீசையையும் மீனா ஒரு முழு நிமிடம் பார்த்தாள். நான் வாய் திறப்பதற்குள் அவள் கைப்பேசி சத்தமிட்டது. குனிந்து படித்தாள். அன்புள்ள மீனா, வாழ்த்துகள். மறுபடி படித்தாள். என் பின்னால் திறந்திருந்த கதவு வழியே, மேஜையில் விரிந்து கிடந்த சர்வீஸ் புக்கின் படமும், திரையில் ஆதர்ஷ் குமார் என்ற பெயரோடு அதே படமும் தெரிந்தன. கணக்குப் படிக்கப் போகிற பெண், கூட்டிக் கழித்துவிட்டாள்.

"அங்கிள், ஆதர்ஷ் குமார் நீங்கதானா?"

தலையாட்டினேன். டிரெயினிங்குக்காக நான் உருவாக்கிய பொய்ப் பையன் என்றேன்.

அவள் கைப்பேசியை என் பக்கம் திருப்பினாள். "அப்ப இது? இதுவும் டிரெயினிங்கா?"

உள்ளேயிருந்து மேடம் எழுந்து வந்தார். பட்டியலை அச்செடுத்துக் கையெழுத்திட்டு, சீல் வைத்து, காகிதத்தை அவளிடம் நீட்டினார்.

"இது நிஜம். ஆனா முழுசாப் படிச்சுட்டு வாங்கிக்கோ."

மீனா நின்ற இடத்திலேயே, தன் பெயர், தந்தை பெயர், கல்லூரி, பாடம் எல்லாவற்றையும் விரல் வைத்துப் படித்தாள். அவசரப்படவில்லை. கடைசி வரிக்கு வந்த பிறகுதான் அழுதாள்.

எனக்கும் மேடத்துக்கும் ஆளுக்கொரு மெமோ வந்தது. பயிற்சி மையத்தின் போஸ்டர் அடுத்த தீபாவளி வரை அங்கேயே இருந்தது. போர்ட்டலில் அந்த மேல் கட்டத்தை எடுத்துவிட்டார்கள். உத்தியோகத்தில் நான் செய்த ஒரே சீர்திருத்தம். மீனா மூன்று வருடமும் புதுப்பித்தலுக்கு வந்தாள். ஒவ்வொரு முறையும் ஜன்னலில் குனிந்து, ஆதர்ஷ் எப்படிப் படிக்கிறான் என்று விசாரித்துவிட்டுத்தான் விண்ணப்பத்தை நீட்டுவாள். அரியர் வைத்திருக்கிறான் என்பேன். இப்போது அவள் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர்.

ராகேஷுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: ஆதர்ஷ் நன்றாகவே கண்ணைச் சிமிட்டுவான். அதைப் பார்க்க ஆள் இருக்கிறதா என்று பாருங்கள்.

விருப்ப ஓய்வுக்கு நான் கொடுத்த விண்ணப்பத்தில் காரணம் எழுத வேண்டிய இடம் ஒன்று இருந்தது. 'அலுவலகம் அலுத்துவிட்டபடியால்' என்று எழுதி மேடத்துக்கு அனுப்பினேன். மூன்றாம் நாள் திரும்பி வந்தது. அடியில் பேனாவில் 'படித்தேன்' என்று இருந்தது. ஓரத்தில் பென்சிலில் 'பேசவும்.'